ஐந்தாவது ஆசனம்

மகள் வித்தியா என் கைபேசியைச் சீனிப் போத்தலில் சாய்த்து வைத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை மாலை ஆறரை மணி. மொன்ட்ரியால்-நோரில் நாலரைக்கே இருட்டிப்போய், குசினி யன்னலுக்கு வெளியே பனி கொட்டிக்கொண்டிருந்தது. கைபேசிக்குள் மெல்போர்னில் புதன்கிழமை காலை பத்தரை. அரைக்கைச் சட்டைகளோடு ஆட்கள் நின்றார்கள். தேர்தல் அதிகாரி ஒருவர், கண்ணாடி போட்ட பெண்மணி, தாளைப் பார்த்துப் பெயர்களை வாசித்தார். நாலு பெயர்கள் சுகமாகப் போயின. ஐந்தாவதை வாசிக்க முன் கொஞ்சம் நின்றார். பிருந்தன் பூபாலசிங்கம். எங்கள் அப்பாவின் பெயரை மூன்று துண்டாக உடைத்து, ஒவ்வொரு துண்டையும் பிழையாகச் சொன்னார். கைதட்டினார்கள். என் தம்பி மாநில மேலவைக்குத் தெரிவாகிவிட்டான். நான் பருப்புக்குத் தாளிக்கக் கடுகு போட்டுக்கொண்டிருந்தேன்.

மேலவை என்றால் என்னவென்று மூன்று மாதத்துக்கு முன் கேட்டிருந்தால் எனக்குத் தெரியாது. கியூபெக்கில் அப்படியொன்று இல்லை. மெல்போர்ன் பக்கம் மாநிலத்துக்கு இரண்டு சபைகள். கீழ்ச் சபையின் முடிவு வாக்களித்த அன்றிரவே வந்துவிடும். மேலவைக்கு ஒரு பிரதேசத்துக்கு ஐந்து ஆசனங்கள். வாக்குச்சீட்டு மேசைவிரிப்பு அகலத்துக்கு இருக்கும். ஒருவருக்கு விழுந்த வாக்கு அவர் தோற்றதும் அடுத்தவருக்குப் போகும், அவரும் தோற்றால் அதற்கடுத்தவருக்கு. எல்லாவற்றையும் கணினியில் ஏற்றி முடிக்க இரண்டு மூன்று கிழமை ஆகும். பிருந்தனுடையது சின்னக் கட்சி. முதல் எண்ணிக்கையில் நூற்றுக்கு நாலு கூட இல்லை. ஆனால் தோற்றவர்களின் வாக்குகள் சேர்ந்து கடைசி ஆசனம் அவனுக்கு விழலாம் என்று மெல்போர்ன் தமிழ் இணையப் பக்கம் ஒன்றில் எழுதியிருந்தார்கள். இதையெல்லாம் நான் யாரிடமும் கேட்டுப் படிக்கவில்லை. நான் சமைக்கும் கார்டெரியில், அதாவது குழந்தைகள் காப்பகத்தில், அறுபது குழந்தைகளுக்குக் கரட் அவிய வைத்துவிட்டு, ஒவ்வொரு நாளும் அந்தப் பக்கத்தைத் திறந்து எத்தனை வீதம் எண்ணி முடிந்தது என்று பார்த்தேன். அவன்மேல் இருந்த கோபத்துக்கு அவன் தோற்றிருந்தால் நான் சந்தோசப்பட்டிருக்க வேண்டும். இல்லை, அவன் வெல்லவேண்டும் என்று நேர்த்திதான் வைத்தேன். இப்படிப்பட்ட மடைச்சி உலகத்தில் வேறு இருக்கிறாளா தெரியாது.

பிருந்தன் ஒலிவாங்கிக்கு முன் வந்தான். நீலக் கோட், கழுத்தில் சிவப்பு ரை, நன்றாகச் சதை போட்டிருந்தான். அவன் பேசிய ஆங்கிலம் எனக்குப் பிடிபடவில்லை. எனக்குத் தெரிந்தது குசினிப் பிரெஞ்சு மட்டும்தான். பத்து வயது வித்தியாதான் எங்கள் வீட்டின் மொழிபெயர்ப்பாளர். வங்கிக் கடிதம் முதல் வைத்தியர் வரை அவள்தான்.

"அம்மா, மாமா எல்லாருக்கும் மெர்சி சொல்றார்."

"பேந்து?"

"பேந்து... கேம்பில இருந்த கதை. போட்டில வந்த கதை." கைபேசிக்குக் கிட்டப் போய்க் காதைக் கொடுத்தாள். "அவரின்ரை அக்காவைப் பற்றிச் சொல்றார். பொம்ப் விழேக்க அவ அவருக்கு மேல படுத்தவவாம். அவ செத்திட்டாவாம். இந்த வெற்றி அவவுக்குத்தானாம்."

கைபேசிக்குள் ஒரு வெள்ளைக்காரக் கிழவர் கண்ணைத் துடைத்தார். வித்தியா என்னைத் திரும்பிப் பார்த்தாள்.

"எந்த அக்கா? மாமாவுக்கு வேற அக்காவும் இருந்தவவோ?"

கடுகு கருகி மணத்தது.

"ஓம்," என்றேன்.

என் பிள்ளையிடம் என்னை நானே கொன்றது அன்றுதான் முதல் தடவை. மற்றவர்கள் கொன்ற கணக்கு வேறு. ஆறு வருடமாக ஒவ்வொரு மே மாதமும் மெல்போர்னில் மெழுகுதிரி கொளுத்தி எனக்குத் திதி நடக்கிறது. கருகிய கடுகைக் குப்பையில் கொட்டிவிட்டு மறுபடி எண்ணெய் விட்டேன்.

நடந்ததைச் சொல்லிவிடுகிறேன். இரண்டாயிரத்தெட்டில் கிளிநொச்சியில் வீட்டுக்கு ஒருவர் இயக்கத்துக்குப் போகவேண்டும் என்று கட்டாயம். எங்கள் வீட்டில் அம்மாவைத் தவிர இரண்டு பேர். எனக்கு இருபத்திரண்டு, பிருந்தனுக்குப் பதினேழு. அவர்கள் எழுதிக்கொண்டு வந்தது அவன் பெயரை. நான் உடுப்புப் பையோடு படலைக்குப் போய், "அவன் சின்னப் பெடியன், நான் வாறன்" என்றேன். யாரும் என்னை இழுக்கவில்லை. நான் அழவும் இல்லை. அம்மாதான் மண்ணை வாரி எறிந்து திட்டினா. அவனை அறைக்குள்ளேயே இருக்கச் சொன்னதும் நான்தான். அதற்காக நான் மாலை மரியாதை எதுவும் எதிர்பார்க்கவில்லை. என் வாழ்க்கையில் நானாக முடிவெடுத்துச் செய்த ஒரே பெரிய காரியம் அது, அவ்வளவுதான். அடுத்த வருடம் மாத்தளனில் ஷெல் விழுந்தபோது அவன்மேல் குப்புற விழுந்து மூடிக்கொண்டது அம்மா. அம்மாவின் முதுகில்தான் துண்டு இறங்கியது. நான் அப்போது அங்கே இல்லை. தடுப்பு முகாமிலிருந்து என்னை விட்ட பிறகு, ஒரு பின்னேரம், ஒரே ஒரு தடவை அவன் அதை எனக்குச் சொன்னான். அதற்குப் பிறகு நாங்கள் அதைப் பற்றிக் கதைத்ததில்லை.

இரண்டாயிரத்துப் பன்னிரண்டில் அவன் நீர்கொழும்பிலிருந்து படகேறினான். இருபத்தொரு நாள் உயிரோடு இருக்கிறானா இல்லையா என்று தெரியாமல் இருந்து, ஒருநாள் காலை போன் வந்தது. நான் கோழிக்குத் தவிடு குழைத்துக்கொண்டு நின்றேன்.

"அக்கா, இஞ்சை முகாமில எல்லாரும் சொல்லுறாங்கள், இயக்கத்தில இருந்த சொந்தக்காரர் இருக்கினம் எண்டு தெரிஞ்சால் வெளியில விடவேமாட்டாங்களாம். வருசக்கணக்கா உள்ளுக்கு வைச்சிருக்கிறாங்களாம். உன்னைப் பற்றி என்ன எழுதுறது?"

"செத்துப்போனன் எண்டு எழுது," என்றேன்.

ஒரு நிமிடம் கூட யோசிக்கவில்லை. அவன் என்னை அம்மாவோடு சேர்த்து ஒரே ஷெல்லில் போட்டுவிட்டான். அவனுக்காகப் போனதால்தான் நான் இயக்கத்தில் இருந்தவள் ஆனேன். இயக்கத்தில் இருந்தவள் ஆனதால்தான் அவனுடைய தாளில் நான் சாகவேண்டி வந்தது. அன்றைக்கு இதைப் பெரிதாக எடுக்கவில்லை. தாளில்தானே சாகிறோம், தாள் பெட்டிக்குள் கிடக்கப்போகிறது என்று நினைத்தேன். அவன் வெளியே வந்தான், படித்தான், குடியுரிமை எடுத்தான். நான் அல்பேட்டைக் கல்யாணம் கட்டி மொன்ட்ரியாலுக்கு வந்தேன். அல்பேட் திருகோணமலை வேதக்காரர், பாண் தொழிற்சாலையில் அதிகாலை வேலை, அதிகம் பேசாதவர். எல்லாம் நன்றாகத்தான் போனது, பிருந்தன் மேடையேறும் வரைக்கும்.

மேடையில் முதலில் வெறுமனே "அக்காவையும் இழந்தேன்" என்றான். சரி, எழுதியதைச் சொல்கிறான் என்று விட்டேன். பிறகு வருடத்துக்கு வருடம், அந்தத் தமிழ்ப் பக்கத்தில் நான் வாசிக்க வாசிக்க, என் சாவு வளர்ந்தது. எனக்கு நீளமான பின்னல் வந்தது. எனக்கு எந்தக் காலத்திலும் பின்னல் இல்லை. எனக்குப் பாடவும் வந்தது. கடைசியில் அம்மா செய்ததைத் தூக்கி எனக்குக் கொடுத்துவிட்டான். இளம்பெண் தம்பியை மூடிக்கொண்டு செத்தாள் என்றால் வெள்ளைக்காரர் அழுவார்கள். வயதுபோன மனுசி செத்தாள் என்றால் தலையை ஆட்டிவிட்டுப் போய்விடுவார்கள். அம்மாவின் சாவை அம்மாவிடமிருந்து பறித்தான். நான் செய்ததை என்னிடமிருந்து பறித்தான். அதைத் தன் விளம்பரத்தாளில் அடித்து வீடு வீடாகப் போட்டான். நான் சம்மதித்தது ஒரு படிவத்துக்கு. இதற்கு என்னிடம் யாரும் கேட்கவில்லை.

புதன்கிழமை மத்தியானம் இரவிச்சந்திரன் அண்ணை போன் எடுத்தார். அவர் எங்கள் ஊர் ஒன்றியத்தின் தலைவர், பதினொரு வருடமாக அவர்தான், இனியும் அவர்தான். கர்க்லாண்டில் பெரிய வீடு. ஊர்ப் பிள்ளை உலகத்தின் எந்த மூலையில் எதை வென்றாலும், பல்கலைக்கழகப் பட்டமோ கராத்தே கறுப்புப் பட்டியோ, அடுத்த நாளே அவருடைய வாழ்த்துப் பதாகை முகநூலில் வந்துவிடும். மேலே கோயில் கோபுரம், நடுவில் வென்றவர், கீழே குடும்பத்தார் எல்லோருடைய படமும். குடும்பத்தார் படம் இல்லாமல் அவர் ஒரு பதாகையும் அடித்தது கிடையாது.

"தங்கச்சி, வாழ்த்துகள்! எங்கடை ஊருக்கு ஒரு செனட்டர்!"

"செனட்டர் இல்லை அண்ணை. அது வேற."

"என்னவோ ஒண்டு, மேல் சபைதானே. சனிக்கிழமை மூண்டு மணிக்கு லவால் மண்டபத்தில விழா. தம்பியோட கதைச்சிட்டன், ஸூமில வாறாராம். உங்களுக்குத்தான் பொன்னாடை. பதாகை பாத்தனீங்களோ? காலமையே போட்டிட்டன், ஐந்நூறு லைக் தாண்டிட்டுது."

பார்த்தேன். என் கல்யாணப் படம், அல்பேட்டை வெட்டிவிட்டு என்னை மட்டும் எடுத்திருந்தார். கீழே சிவப்பு எழுத்தில்: உடன்பிறந்த சகோதரி திருமதி செல்வமலர் அல்பேட், மொன்ட்ரியால். எண்பத்துநாலு பேர் பின்னூட்டம் போட்டிருந்தார்கள். எல்லாம் கைகூப்பும் படங்களும் பூக்களும். நடுவில் மெல்போர்னிலிருந்து யாரோ ஒருவர், முகப்படம் இல்லாத ஒருவர், ஒரே ஒரு வரி எழுதியிருந்தார்: "இவருக்கு எத்தனை அக்கா?"

எனக்குச் சிரிப்பு வந்தது. பொய் சொல்லவேண்டாம், அந்த வரியைப் பார்த்ததும் சந்தோசம்தான் வந்தது. அதோடு பயமும் வந்தது. கரட் அடிப்பிடித்துவிட்டது.

பிருந்தன் வியாழக்கிழமை காலை, நான் வேலைக்கு வெளிக்கிடும் நேரம் அழைத்தான். ஐந்து மாதத்துக்குப் பிறகு. வீடியோ இல்லை, குரல் மட்டும்.

"அக்கா, உந்தப் பதாகையை எடுக்கச் சொல்லு."

"ஏன், நான் வடிவில்லையே?"

"பகிடி விடாத. இஞ்சை ஆரோ ஸ்கிரீன்ஷொட் எடுத்துப் பத்திரிகைக்காரனுக்கு அனுப்பியிருக்கிறாங்கள். கட்சியில கேக்கினம்."

"என்ன சொன்னனி?"

"பெரியம்மாவின்ரை மகள் எண்டு சொன்னனான். எங்கடை ஆக்கள் அதையும் அக்கா எண்டுதான் சொல்லுறது, பதாகையில உடன்பிறந்த எண்டு பிழையாப் போட்டிட்டினம் எண்டு சொன்னனான். அவைக்கு விளங்கிட்டுது." மூச்சை விட்டான். "சனிக்கிழமை நான் வருவன். வராட்டில் இன்னும் கதைப்பாங்கள். நீ மைக்கைப் பிடிச்சு, பெரியம்மாவின்ரை மகள் எண்டு ஒரு வார்த்தை சொல்லு. எங்கடை ஒஃபிஸ் பிள்ளை ரெக்கோட் பண்ணுவா. அதோட முடிஞ்சுது."

"எங்கடை அம்மாவுக்குத் தமக்கையே இல்லையே, தம்பி."

"இவங்களுக்கு அது தெரியுமே? அக்கா, விளையாட்டில்லை. பொய் எழுதிக் குடுத்தது எண்டு வந்தால் சீட் மட்டுமில்லை, சிட்டிசன்ஷிப்பையும் புடுங்குவாங்கள். எனக்கு ரெண்டு பிள்ளையள்."

இதுதான் விசயம். ஒரு வார்த்தையில் அவன் உயிர் என் வாயில் இருந்தது. அதே வார்த்தையில் நான் இல்லாமல் போவேன். இந்தத் தடவை பெட்டிக்குள் கிடக்கும் தாளில் இல்லை, என் ஊரார் முன்னால், என் பிள்ளையின் முன்னால், என் வாயால்.

"செத்தவ எண்டு சொல்லச் சொன்னது நான்தான்," என்றேன். "அம்மா செய்ததை ஏன் எனக்குத் தந்தனி? அதைச் சொல்லு."

அந்தப் பக்கம் கதவைச் சாத்தும் சத்தம் கேட்டது.

"அம்மாவைப் பற்றிக் கதைக்க ஏலாது அக்கா. வாய் வராது. ரெண்டு நாள் மழைக்குள்ள வைச்சிருந்து தனியத் தாட்டனான். அம்மா எண்டு தொடங்கினால் எனக்குக் குரல் நிண்டுபோம். உன்னைச் சொன்னால் சொல்லலாம். நீ இருக்கிறாய்தானே."

நான் போனை வைத்துவிட்டேன். அவன் சொன்னதில் ஒரு சொல்லும் பொய்யில்லை என்று எனக்குத் தெரிந்தது. அதனால்தான் இன்னும் கோபம் வந்தது. முழுப் பொய்யன் என்றால் துப்பிவிட்டு விட்டிருக்கலாம். பேருந்தில் போகும்போது யன்னலில் தலையை வைத்து அழுதேன், அதையும் கோபத்தோடுதான் அழுதேன். பக்கத்து இருக்கை மனுசி எனக்குக் கைத்துடைப்புத் தாள் தந்தார்.

அன்று மாலை அல்பேட்டிடம் சொன்னேன். அவர் சப்பாத்தில் ஒட்டிய, பனிக்கு ரோட்டில் கொட்டும் உப்பைத் துடைத்துக்கொண்டிருந்தார்.

"சொல்லிப்போட்டு விடுமன், மலர். ஒரு வார்த்தைதானே."

"உங்களை ஆரும் செத்தவர் எண்டு சொன்னால் தெரியும்."

"அகதியா வரேக்க நானும் என்ரை அண்ணனைக் காணாமல்போனவர் எண்டுதான் குடுத்தனான். அவர் அப்ப மூதூரில கடை வைச்சிருந்தவர்." சப்பாத்தைத் திருப்பி மற்றப் பக்கத்தைத் துடைத்தார். "பேந்து ரெண்டு வருசத்தில உண்மையாவே காணாமல் போட்டார்."

பதின்மூன்று வருடத்தில் இதை அவர் எனக்குச் சொன்னதில்லை. சாப்பாடு போட்டேன். அந்த மனுசன் கேட்காமலே இரண்டாம் முறையும் சோறு வைத்தேன்.

சனிக்கிழமை மண்டபத்தில் அறுபது பேர் வரை வந்திருந்தார்கள். குளிருக்கு மேற்சட்டைகள் சுவரோரம் மலையாகக் குவிந்திருந்தன. மீன் ரோல்ஸ் மணந்தது. என்னை முன்வரிசையில் இருத்தி, இரவிச்சந்திரன் அண்ணை ஆரஞ்சுப் பொன்னாடையைத் தோளில் போட்டுப் படம் எடுத்துக்கொண்டார். வித்தியா பக்கத்தில் இருந்தாள், அவளுக்கு அப்பால் அல்பேட். திரையில் பிருந்தன் வந்தபோது கைதட்டல் அடங்க நேரம் எடுத்தது. அங்கே ஞாயிற்றுக்கிழமை காலை ஏழு மணி. ஆனாலும் கோட்டும் ரையுமாக இருந்தான். பக்கத்தில் கட்சி அலுவலகத்துப் பெண், பொன்னிறத் தலைமயிர், கையில் கைபேசியை உயர்த்திப் பிடித்து எங்களைப் பதிவுசெய்துகொண்டு சிரித்தாள். பிருந்தன் ஊரைப் பற்றிச் சொன்னான், பள்ளிக்கூடத்தைச் சொன்னான், நன்றி சொன்னான். தேர்தல் எப்படி எண்ணுவார்கள் என்று விளங்கப்படுத்தினான்; யாருக்கும் விளங்கவில்லை, எல்லோரும் தலையாட்டினார்கள். பிறகு சொன்னான்:

"முன்னுக்கு எங்கடை பெரியம்மாவின்ரை மகள், செல்வமலர் அக்கா இருக்கிறா. அவவுக்கும் நன்றி."

பின்வரிசையில் கிளி அக்கா இருந்தா. கிளிநொச்சியில் எங்கள் வீட்டுக்கு அடுத்த வேலி. வாய் சும்மா இருக்காத மனுசி.

"ஆர் பெரியம்மா?" என்று அவ மண்டபம் கேட்கக் கத்தினா. "கொம்மா தனிச்சுப் பிறந்தவளெல்லே! அவளுக்கு ஆரடா தமக்கை?"

இரண்டு மூன்று பேர் சிரித்தார்கள். பிறகு ஒருவர் நிறுத்தினார், அடுத்தவர் நிறுத்தினார். அந்த அமைதி மண்டபத்தில் வரிசை வரிசையாகப் பரவியதை நான் முதுகால் உணர்ந்தேன். யாரும் யாருக்கும் எதையும் விளங்கப்படுத்தவில்லை. அறுபது பேரும் ஒரு காலத்தில் ஏதோ ஒரு அறையில், மொழிபெயர்ப்பாளர் பக்கத்தில் இருக்க, ஒரு தாளை நிரப்பியவர்கள். தமையனைக் கொன்றவர்கள், பிறந்த திகதியை மாற்றியவர்கள், கல்யாணத்தை மறைத்தவர்கள். திரையில் பிருந்தனின் முகத்தைப் பார்த்தார்கள், என்னைப் பார்த்தார்கள், ஒரு கணத்தில் எல்லாம் பிடிபட்டுவிட்டது.

"ஓமோம், பெரியம்மாவின்ரை மகள்தான்," என்றார் இரவிச்சந்திரன் அண்ணை ஒலிவாங்கியில். "பதாகையில நான்தான் பிழையா அடிச்சுப்போட்டன்."

"ஓம், முறைக்கு அக்கா," என்று யாரோ சொன்னார்கள்.

"எனக்கும் தெரியும், பெரியம்மாவின்ரை மகள்," என்றது இன்னொரு குரல். கிளி அக்காவை யாரோ கிள்ளியிருக்க வேண்டும். "ஐயோ, ஓம் பிள்ளை, மறந்துபோனன். வயசு போட்டுது," என்றா.

என்ன அருமையான சனம். அவனைக் காப்பாற்ற ஒரு நொடியில் ஒன்றாகிவிட்டார்கள். ஆளுக்கொரு பிடி மண் போட்டு என்னை மூடிவிட்டு, நல்ல காரியம் செய்த முகத்தோடு இருந்தார்கள். நான் மொன்ட்ரியாலில் வந்திறங்கிய அன்று சமைத்துத் தந்தவர்கள் இவர்கள். வித்தியா பிறந்தபோது மருந்துக் காயம் காய்ச்சிக் கொண்டுவந்தவர்கள். ஒருவர்கூட "பாவம் அவள்" என்று நினைக்கவில்லையா?

இரவிச்சந்திரன் அண்ணை கம்பியில்லாத ஒலிவாங்கி ஒன்றை என் கையில் தந்து, கண்ணால் கெஞ்சினார். திரையில் பொன்னிறத் தலைமயிர்க்காரி கைபேசியை இன்னும் கிட்டக் கொண்டுவந்தாள்.

"நான் செல்வமலர்," என்றேன். "பிருந்தனுக்குப் பெரியம்மாவின்ரை மகள்."

முடிந்தது. அவன் கேட்டது அவ்வளவுதான். பிருந்தனின் தோள்கள் இறங்கியதைப் பார்த்தேன். மண்டபம் மூச்சுவிட்டது. ஒலிவாங்கியைத் திருப்பிக் கொடுத்திருக்கலாம். கொடுக்கத்தான் கையை நீட்டினேன். அவன் சிரித்தான், அதுதான் பிழையாகப் போனது. சின்ன வயதில் அடியிலிருந்து தப்பினால் சிரிக்கும் அதே சிரிப்பு.

"தம்பி, ஒரு கேள்வி," என்றேன். "உன்ரை சொந்த அக்கா எப்பிடிச் செத்தவ? அங்கை இங்கிலிசில எல்லாருக்கும் சொன்னனிதானே. இஞ்சை உன்ரை ஊர்ச்சனம் இருக்கு. ஒருக்காத் தமிழில சொல்லு. நாங்களும் கேப்பம்."

பிருந்தன் வாயைத் திறந்தான். "அக்கா..." என்றான். பிறகு ஒன்றும் வரவில்லை. பக்கத்தில் இருந்தவள் ஒன்றும் விளங்காமல் அவனையும் எங்களையும் மாறி மாறிப் பார்த்துச் சிரித்துக்கொண்டே இருந்தாள். இணைப்பு நின்றுவிட்டதோ என்று இரவிச்சந்திரன் அண்ணை திரைக்குக் கிட்டப் போய்ப் பார்த்தார். நிற்கவில்லை. அவன் கண் வெட்டியது. தமிழில் தொடங்கினால் அது அம்மாவில் போய்த்தான் முடியும் என்று அவனுக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நான் காத்திருந்தேன். எனக்கு அவசரமில்லை. அவன் அழட்டும், இல்லை உண்மையைச் சொல்லட்டும், இல்லை என் முகத்தைப் பார்த்து அந்தப் பொய்யைச் சொல்லட்டும். மூன்றில் எது என்றாலும் ஏற்றுக்கொள்ளத் தயாராக இருந்தேன்.

இரவிச்சந்திரன் அண்ணைக்குத்தான் தாங்கவில்லை. மேசையிலிருந்த மற்ற ஒலிவாங்கியைப் பாய்ந்து எடுத்தார்.

"அன்பான உறவுகளே, தம்பிக்குக் கதைக்க ஏலாமல் இருக்கு. விளங்கும்தானே. தொடக்கத்தில நாங்கள் அகவணக்கம் செய்ய மறந்துபோனம். பிருந்தன் தம்பியின்ரை மறைந்த அக்காவுக்காக எல்லாரும் ஒரு நிமிசம் எழும்பி நிப்பம்."

அறுபது கதிரைகள் நிலத்தில் இழுபட்டன. எல்லோரும் எழுந்தார்கள், உடனே, ஒருவருக்காக ஒருவர் பார்க்காமல். கிளி அக்கா முழங்கால் வலியோடு முன்கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினா. அல்பேட் கடைசியாக எழுந்து தொப்பியைக் கழற்றினார். வித்தியா என் பக்கத்தில் நிமிர்ந்து நின்று, பள்ளிக்கூடத்தில் பழக்கியபடி கைகளைக் கோத்து, கண்களை இறுக்கி மூடிக்கொண்டாள். திரையிலும் எழுந்தார்கள். பிருந்தன் எழுந்தபோது அவன் தலை படத்துக்கு வெளியே போய்விட்டது. கோட்டும் ரையும் கோட்டின் இரண்டு பொத்தான்களும்தான் தெரிந்தன.

நான் எழவில்லை. மண்டபத்தில் இருந்துகொண்டிருந்தது நான் ஒருத்திதான், தோளில் ஆரஞ்சுப் பொன்னாடையோடு. கோபத்தில் எனக்கு மூச்சு வாங்கியது. கையில் இருந்த ஒலிவாங்கியை மறந்துபோனேன். மூலைக்கொன்றாக நின்ற இரண்டு பெரிய ஸ்பீக்கர்களிலும் என் மூச்சு கேட்டது, உள்ளே இழுப்பது, வெளியே விடுவது, மறுபடி இழுப்பது. அந்த அமைதியில் மண்டபம் முழுவதும் அது மட்டும்தான் கேட்டது. ஒருவரும் தலையை நிமிர்த்தவில்லை. ஒலிவாங்கியை நிறுத்தும் பொத்தான் என் பெருவிரலுக்குக் கீழே இருந்தது. நான் அதை அழுத்தவில்லை.